இஷ் ஸ்மித்தை யாரும் கேட்கவில்லை

2023 ஜூனில் டென்வர் நக்கெட்ஸ் அணி மயாமி ஹீட்டை 4-1 என்று வீழ்த்தி முதன்முதலாக என்.பி.ஏ. பட்டம் வென்றது. அன்றிலிருந்து கூடைப்பந்து ரசிகர்களிடம் ஒரு பாராட்டு நிலைபெற்றுவிட்டது. பதின்மூன்று அணிகளுக்கு ஆடிய இஷ் ஸ்மித், சோர்ந்துபோகாமல் உழைத்துக் கடைசியில் சாம்பியன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார், விடாமுயற்சிக்கு அவரைவிட நல்ல சான்று கிடையாது என்கிறார்கள். சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் பன்னிரண்டு அணிகளோடு வைத்திருந்த சாதனையை அவர் முறியடித்தார் என்பது இந்தப் பாராட்டின் மையம். ஸ்மித்தின் ஆட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பதின்மூன்று என்ற எண்ணைச் சாதனை என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க வேண்டியதை முதலில் ஏற்றுவிடுகிறேன். 2010 டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத, ஆறடியே உயரமுள்ள ஒரு பாயிண்ட் கார்டு, உலகின் மிகக் கடுமையான லீக்கில் பதினான்கு சீசன் நிலைத்து நின்றார். பந்தை வாங்கிய கணமே எதிரணிக் கூடைக்கு அடியில் போய் நிற்கும் அவருடைய வேகம், முப்பது வயதைத் தாண்டியும் குறையவில்லை. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவருக்கு மூன்றாண்டுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. நன்றாகச் சம்பாதித்தார். பல அணிகளில் அவர் தானே விரும்பிக் கையெழுத்திட்டுச் சேர்ந்தார் என்பதும் உண்மை. ஆள்மாற்றம் இல்லாவிட்டால் நலிந்த அணிகள் நலிந்தே கிடக்கும் என்பதும் சரிதான்.

இனி அந்தப் பதின்மூன்று எப்படி வந்தது என்று பார்ப்போம். 2011 பிப்ரவரியில் ஹூஸ்டனிலிருந்து மெம்ஃபிஸுக்குப் போனார். அந்த டிரேடில், அதாவது அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் பேரத்தில், மெம்ஃபிஸ் விரும்பியது ஷேன் பேட்டியரை. 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோவிலிருந்து மில்வாக்கிக்கு. அது ஜே.ஜே. ரெடிக்கிற்காக நடந்த பேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கியிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. மில்வாக்கிக்கு கேரன் பட்லர் வேண்டியிருந்தார். 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டி அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது. அந்த அணி வாங்கிய கையோடு விடுவித்தது. 2022 பிப்ரவரியில் சார்லட்டிலிருந்து வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டார், சார்லட்டுக்கு மான்ட்ரஸ் ஹாரெல் தேவைப்பட்டதால். அதே ஆண்டு ஜூலையில் டென்வருக்கு. டென்வர் தேடியது கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பை. கடையில் சில்லறை இல்லாதபோது கணக்கை நேர்செய்யக் கையில் திணிக்கும் மிட்டாயின் இடம்தான் இந்தப் பேரங்களில் ஸ்மித்துக்கு.

அவரையே விரும்பி ஓர் அணி விலை கொடுத்த டிரேடு 2015 டிசம்பரில் நடந்தது. ஃபிலடெல்ஃபியா அப்போது 31 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இதே ஸ்மித் அங்கேதான் வந்து சேர்ந்தார். கோடையில் அவரைப் போகவிட்டார்கள். பந்தை யாருக்கு, எப்போது, எந்த உயரத்தில் கொடுப்பது என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் இளம் வீரர்கள் திண்டாடுவதைப் பார்த்த பிறகு, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளை, அப்போது அவர் இருந்த நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கினார்கள். அந்த அணி 10-72 என்று முடிந்தது, அது வேறு கதை. ஆனால் அவர் வந்த பிறகு நெர்லன்ஸ் நோயல் போன்றோரின் ஆட்டம் தெளிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஸ்மித்தின் மதிப்பு என்னவென்று தெரியும். பாயிண்ட் கார்டின் திறமை பாதிக்குமேல் பழக்கத்தில் இருக்கிறது. கூட ஆடுகிறவரின் இடதுகால், அவர் எந்தப் பக்கம் திரும்புவார், தவறிய பந்துக்கு எப்படி முகம் சுளிப்பார் என்பதெல்லாம் சேர்ந்து ஆடி ஆடித்தான் தெரியவரும்.

நெடுநாளாக என்னை உறுத்துவது என்னவென்றால், ஸ்மித்தை எங்கே அனுப்பலாம் என்று முடிவெடுக்கும் எந்த அறையிலும் அவருக்கு இடமில்லை. ஊதிய வரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்துக்கு நெருக்கமான தொகையைத்தான் திரும்ப வாங்க முடியும். அதனால் ஒவ்வொரு பெரிய டிரேடிலும் இரு பக்கக் கூட்டுத்தொகையைச் சமன்செய்ய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். 2008 பிப்ரவரியில் ஜேசன் கிட்டை வாங்க டாலஸுக்குத் தொகை போதவில்லை. 2006-க்குப் பிறகு ஆடவே ஆடாத கீத் வான் ஹார்னுக்கு 43 லட்சம் டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டு, அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பினார்கள். அவர் வந்து ஆட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே மாதம் லேக்கர்ஸ் பாவ் கசோலை வாங்கியபோதும் இதே வேலை நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் பயிற்சியாளர்களுக்கு உதவிக்கொண்டிருந்த ஆரன் மெக்கீயின் பெயரைச் சேர்த்துக் கணக்கை நேராக்கினார்கள். இந்த முறைக்குத் தேவை ஆட்டக்காரர் அல்ல, அவருடைய சம்பளத் தொகை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சியம் எனக்குத் தெரியாது. வான் ஹார்னும் மெக்கீயும் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்கள், அவர்களுக்கு நட்டமில்லை. ஆனால் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரை, வீடும் குழந்தையும் பள்ளியும் ஓர் ஊரில் இருப்பவரை, அதே கணக்கில் அதே வழியில் நகர்த்துகிறார்கள்.

2019 பிப்ரவரியில் ஹாரிசன் பார்ன்ஸை டாலஸ் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்துவிட்ட செய்தி, அவர் டாலஸ் சீருடையில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவிலேயே பரவியது. 2020 நவம்பரில் சில நாட்களுக்குள் டிரெவர் அரிசா போர்ட்லாந்திலிருந்து ஹூஸ்டனுக்கும், அங்கிருந்து டெட்ராய்டுக்கும், அங்கிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கும் கைமாறினார். அந்தச் சீசனில் இந்த மூன்று அணிகளில் எதற்காகவும் அவர் பந்தைத் தரையில் தட்டவில்லை.

பாதுகாப்பே இல்லையா என்றால், எழுத்தில் இருக்கிறது. தன் சம்மதமின்றி டிரேடு செய்யக் கூடாது என்ற பிரிவை ஒப்பந்தத்தில் கேட்க, லீக்கில் எட்டு ஆண்டும் அந்த ஓர் அணியில் நான்கு ஆண்டும் ஆடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். ஓர் அணியில் நான்கு ஆண்டு நீடிக்கிறவர், அந்த அணி வைத்துக்கொள்ள விரும்புகிறவர். அவருக்குப் பாதுகாப்பு அவ்வளவாகத் தேவையில்லை. ஆண்டுதோறும் துரத்தப்படுகிறவர் நான்கு ஆண்டை எட்டவே முடியாது; அவருக்குத்தான் அது தேவை. ஸ்மித் பதினான்கு சீசன் ஆடினார். ஓர் இடத்தில் அவர் அதிகமாகத் தங்கியது டெட்ராய்டில், மூன்று ஆண்டு. எத்தனை முறை அவரைப் புதிய அணிக்கு நகர்த்தினார்களோ அத்தனை முறை அந்த நான்காண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அநீதியை அனுபவிப்பதையே பாதுகாப்புக்குத் தகுதியின்மையாக மாற்றும் விதி இது.

டிரேடை மறுக்கும் இந்த உரிமை என்ன செய்யும் என்பது 1970-லேயே தெரிந்த விஷயம். சின்சினாட்டி ராயல்ஸ் அணி ஆஸ்கார் ராபர்ட்சனைப் பால்டிமோருக்கு அனுப்ப முயன்றது. அவருடைய ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமை இருந்தது, மறுத்தார். பிறகு மில்வாக்கிக்குப் போனார், 1971-இல் பட்டம் வென்றார். அதே 1970-இல் வீரர் சங்கத் தலைவராக லீக்கின் மீது அவர் தொடுத்த வழக்கு 1976-இல் சமரசமாகி, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிக்குப் போகும் வழியைத் திறந்தது. அந்த வெற்றிக்கு நன்றி சொல்லாத வீரர் இன்று இருக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்துச் செல்லப்படுவதிலிருந்து சாதாரண வீரருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ராபர்ட்சன் பயன்படுத்திய உரிமை அவர் தரத்து வீரர்களோடு நின்றுபோயிற்று.

மறுப்புரிமையைப் பரவலாக்கினால் அணிகள் முடங்கிவிடும் என்பது எதிர்வாதம். பிராட்லி பீலைக் காட்டுவார்கள். 2022-இல் வாஷிங்டன் அவருக்கு ஐந்தாண்டுக்கு 25.1 கோடி டாலரோடு மறுப்புரிமையும் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவரை ஃபீனிக்ஸுக்கு விட வேண்டி வந்தபோது அந்த அணியால் நல்ல விலை பேச முடியவில்லை. ஆனால் அந்த முடக்கத்துக்குக் காரணம் மலைபோன்ற சம்பளம். குறைந்தபட்ச ஊதியத்தில் ஆடும் மாற்று பாயிண்ட் கார்டு ஒருவர் மறுத்தால் எந்த அணி நிலைகுலையும்? வேறொருவரைச் சேர்த்துக் கணக்கை முடிப்பார்கள், அவ்வளவுதான். ஐரோப்பியக் கால்பந்தில் இரண்டு கிளப்புகள் விலையை ஒத்துக்கொண்டாலும், ஆட்டக்காரர் புதிய கிளப்போடு தன் ஒப்பந்தத்தை ஏற்றுக் கையெழுத்திடாமல் எங்கும் போவதில்லை. கால்பந்து வணிகம் அதனால் இளைத்துவிடவில்லை.

டென்வருக்குப் போனது நல்லதாகத்தானே முடிந்தது என்று கேட்பவர்களுக்குச் சார்லட்டை நினைவூட்ட விரும்புகிறேன். அது ஸ்மித் பிறந்த ஊர். 2021 கோடையில் அவர் தானே தேர்ந்தெடுத்து அங்கே சேர்ந்தார். சீசன் முடிவதற்குள், அவரை ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லாமல், அணி அவரை வாஷிங்டனுக்கு ஏற்றிவிட்டது. டென்வரைப் பாராட்டுகிறவர்கள் இதே முறையின் இந்த முகத்தைச் சொல்வதில்லை. பட்டம் வென்ற பிறகு, 2023-24-இல் மறுபடி சார்லட்டுக்கே போய் ஆடினார். அவர் இருக்க விரும்பிய இடம் எது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

2023-இல் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை செல்லும். விரும்பினால் ஓராண்டு முன்னதாகவே எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம். அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. எட்டாண்டு என்ற நிபந்தனை இருக்கட்டும், ஓர் அணியில் நான்காண்டு என்பதை நீக்க வேண்டும்; மறுப்புரிமைப் பிரிவை ஒவ்வொருவரும் பேரம் பேசிப் பெறுவதற்குப் பதிலாக, எட்டாண்டு ஆடிய எவருக்கும் அது தானாகவே உரித்தாக வேண்டும். இந்த விதி முன்பே இருந்திருந்தால் 2022 பிப்ரவரியில் சார்லட்டின் பொது மேலாளர் ஸ்மித்தைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும்.