முதலைப் பண்ணையைப் பார்க்கும் முறை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் அமைந்துள்ள முதலைப் பண்ணை, யானையையும் குரங்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகவே தோன்றும். கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உடல்களில் கால் மணி நேரம் நின்றாலும் ஓர் அசைவும் தென்படாமற் போகலாம். அவற்றைப் பொம்மை என்று முடிவு செய்து நகர்ந்துவிடுவோர் உண்டு, உயிர் இருக்கிறதா என்று சோதிக்கக் கல்லெறிவோரும் உண்டு. முதலையின் வாழ்வில் அசைவின்மையே பெரும்பகுதி என்பதால், அதைப் படிக்கத் தெரிந்தவருக்கே இந்த இடம் திறந்துகொள்ளும்.

முதலை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் வெயிலிலிருந்தும் நீரிலிருந்தும் பெறும் விலங்கு. இத்தகையவற்றையே குளிர் இரத்த விலங்குகள் என்று பாடநூல்கள் குறிக்கின்றன. உணவைச் சூடாக எரித்துத் தீர்க்கும் தேவை அதற்கு இல்லாததால் சிறிதளவு இரையோடு நெடுநாள் வாழ முடிகிறது; ஆகவே அது கிடப்பதைச் சோம்பல் என்பது பிழை, சிக்கனம் என்பதே பொருந்தும். காலையில் கரையேறி வெயில் காய்வதும், வெயில் ஏற ஏற நிழலுக்கோ நீருக்கோ நகர்வதும், வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பதும் இந்த வெப்பக் கணக்கின் பகுதிகளே. திறந்த வாயைப் பலர் சீற்றம் என்று கொள்வர். தலை அளவுக்கு மீறிச் சூடேறாமல் காக்கும் வழி அது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம்.

அடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு உரிய மூன்று இனங்களையும் இங்கே காணலாம்: ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் அகன்ற முகச் சதுப்பு முதலை, கழிமுகங்களில் வாழ்ந்து மிகப் பெரிதாக வளரும் உப்புநீர் முதலை, வட இந்திய ஆறுகளில் மீன் தின்று வாழ்வதும் வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம்போன்ற புடைப்பு உடையதுமான சொம்புமூக்கு முதலை. சதுப்பு முதலையின் தாடை ஓரங்களில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நீரில் எழும் மிக நுண்ணிய அதிர்வையும் உணரும் உறுப்புகள் அவை; இருளில் இரை எங்கே என்பதை அவற்றைக் கொண்டே அது அறிகிறது.

பண்ணையின் உண்மையான செல்வம் முட்டைப் பருவம்தான். வேட்டையாலும் வாழிட அழிவாலும் முதலைகள் அருகிப் போயிருந்த நிலையில், கிண்டிப் பாம்புப் பண்ணையை அதற்கு முன்பே நிறுவியிருந்த ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர், அவற்றை வளர்த்துப் பெருக்கும் நோக்கத்துடன் 1976-இல் இதைத் தொடங்கினர். முதலையின் பால் கருவுறும்போது முடிவாவதில்லை, மண்ணுக்குள் முட்டை இருக்கும் வெப்பத்தால் முடிவாகிறது. 28 முதல் 31 டிகிரி வரை அடைகாக்கப்பட்ட சதுப்பு முதலை முட்டைகள் பெண்களையும், 32.5 டிகிரி அளவில் இருந்தவை ஆண்களையும் தந்தன என்பதை இங்கே நடந்த ஆய்வு காட்டியது. தாய் முதலை ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிடுவதும் இங்கே பதிவாகியுள்ளது. முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் எழுப்பும் குரலைக் கேட்டு, தாய் மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு செல்கிறது. எலும்பை நொறுக்கும் தாடை குஞ்சை நசுக்காமல் தூக்குவதைப் பார்ப்பதற்கு, இரை போடும் நேரத்தில் கூடும் ஆரவாரத்தை விட்டுக்கொடுக்கலாம்.

குளத்து மரங்களில் கொக்குகள் கூடு கட்டும்போது சதுப்பு முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கிக் கிடப்பதும் இங்கே கவனிக்கப்பட்டது. கூட்டுக்குக் குச்சி தேடி வரும் பறவையைப் பிடிக்க அது தூண்டில் என்று 2013-இல் ஆய்வாளர் சிலர் எழுத, வேறு சிலர் அதை மறுத்தனர். மிதக்கும் குச்சி தற்செயலாகவும் மூக்கில் தங்கலாம் என்பதால், பார்ப்பவர் இரு விளக்கங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதே நன்று.

பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இதைப் பார்க்காமல் திரும்புவோர் பாதியையே பார்த்தவர்கள். பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபின் பிழைப்பின்றி நின்றபோது, 1978-இல் அச்சங்கம் அமைக்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, வாயில் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, சில முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அடையாளம் இருப்பதால் அதே பாம்பு உடனே மறுபடியும் பிடிபடுவதில்லை. உலர்த்திப் பொடியாக்கிய நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

நஞ்சு எடுக்கும்போது பாம்பைவிடப் பிடிப்பவரின் விரல்களைக் கவனிப்பது மேல். பாம்பு தலையைத் திருப்பும் கணத்தை முன்கூட்டியே அறியும் அந்தக் கை, வரப்பில் விழுந்த தடத்தையும் உரித்த சட்டையையும் கண்டே எந்தப் பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லும் அறிவின் தொடர்ச்சி. அந்த அறிவைக் கொண்ட வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டனர்; இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல என்பதற்காக இதை அறிவியலின் வாசலுக்கு வெளியே நிறுத்துவது நியாயமாகாது.

விடுமுறை நாள் கூட்டத்தைத் தவிர்த்துக் காலையில் செல்வது நல்லது. நேரம் குறைவாக உள்ளவர்கள் எல்லாக் குளங்களையும் அவசரமாகச் சுற்றாமல் ஒரே குளத்தின் முன் நின்று பார்க்கலாம். பிள்ளைகளின் கையில் கல் இருந்தால் பெரியவர்கள் அதை வாங்கிவிட வேண்டும். நஞ்சு எடுக்கும் இடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.