தூசுக்கு மேல் புல்லாங்குழல்

சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை யாராவது ஆவணப்படமாக எடுத்தால் தவறவிடக் கூடாத ஒலி இது. நம் வழக்கப்படி இசை சேர்த்தால் முதலில் காணாமல் போகிற ஒலியும் இதுதான்.

அந்த வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. கைத்தொழில் என்றால் புல்லாங்குழல், பாட்டாளி என்றால் பறை, சோகம் என்றால் வயலின். இதற்கு இசையமைப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படத்தொகுப்பின்போதே வேறெங்கிருந்தோ எடுத்த இசைத்துண்டு ஒன்றைத் தற்காலிகமாக ஓடவிட்டு, அதன் தாளத்துக்கு ஷாட்டுகளை வெட்டிவிடுகிறார்கள். கையில் இருந்த பணம் கரைந்து, கெடுவும் நெருங்கிய பிறகு அவரைக் கூப்பிட்டு, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள். அவரும் படத்தை விட்டுவிட்டு அந்தத் துண்டுக்கு நகல் செய்து கொடுக்கிறார்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு டச்சு இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் 'கிளாஸ்' (1958) இன்றும் நல்ல சான்று. கண்ணாடித் தொழிற்சாலையைப் பற்றிய, ஆஸ்கர் பெற்ற குறும்படம். கண்ணாடி ஊதுகிறவர்களின் கன்னம் உப்பித் தணிகிற வேகத்தோடு பிம் ஜேக்கப்ஸ் குழுவின் ஜாஸ் இழைந்து போகிறது. அடுத்து இயந்திரம் பாட்டில் செய்யும் பகுதி. இசையும் இயந்திரகதிக்கு மாறுகிறது. கழுத்துடைந்த ஒரு பாட்டில் வழிமறிக்க, பின்னால் வருபவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்குகின்றன. கடைசியில் ஒரு மனிதக் கை வந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. கைக்கும் இயந்திரத்துக்குமான வழக்கை இங்கே விவரணை பேசவில்லை, இசைதான் பேசுகிறது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தத் துள்ளலில் உலையின் வெக்கை நமக்கு உறைப்பதே இல்லை.

விருத்தாசலத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பொம்மை வார்க்கும் இடத்தைப் பாருங்கள். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் கெட்டிப்படுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் பொம்மை அச்சைவிட்டுக் கழன்று வரும். ஏறக்குறைய சத்தமே இல்லாத வேலை. அதன்மேல் புல்லாங்குழலை ஓடவிட்டால் உழைப்பு தவம்போல் தோன்றிவிடும். காய்ந்த பொம்மையின் பிசிறைச் சுரண்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது; ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பேறும். அதே தூசி ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவுக்கு மிக அழகு. அதோடு இசையும் இனித்தால் இருமல் யார் காதில் விழும்? ஆவணப்பட இசைமீது என் முதன்மையான ஆட்சேபம் இதுதான்.

அதற்காக, அமெரிக்க இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மனைப்போலப் பின்னணி இசையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சூளை பல மணி நேரம் எரியும். வெளியே நிற்கும் கேமராவுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் காத்திருப்பை, சரக்கு வெடித்துவிடுமோ என்ற பதைப்பை, இரண்டே நிமிடத்தில் உணர்த்த இசையால் முடியும். காட்சியோடு ஒத்து ஊதாமலும் இசை வேலை செய்யும். அலென் ரெனே நாஜி வதைமுகாம்களைப் பற்றி எடுத்த 'இரவும் மூடுபனியும்' படத்தில், காட்சிகள் கொடூரமாகும் இடங்களில் ஹான்ஸ் ஐஸ்லர் இசையை மெலியவைத்தார். அழச் சொல்லி யாரும் நம்மை நெருக்குவதில்லை. அதனாலேயே பார்வையைத் திருப்பிக்கொள்ள முடிவதில்லை.

முதுமலை தெப்பக்காட்டில் எடுத்து 2023இல் ஆஸ்கர் வென்ற 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ஸ்வென் ஃபாக்னரின் கனிந்த இசை, யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதையை உலகம் முழுவதற்கும் நெருக்கமாக்கியது; அந்தப் பயனை மறுக்கவே முடியாது. ஆனால் பெள்ளி பேசி முடித்தபின் வரும் மௌனத்தை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

பீங்கான் பட்டறையில் கூழாங்கற்களோடு உருண்டு மண்ணை அரைக்கும் 'பால் மில்' (ball mill) இயந்திரத்துக்கென்று ஒரு தாளம் உண்டு. படப்பிடிப்பு தொடங்குமுன்பே இசையமைப்பாளரை அங்கே அழைத்துப்போய் நிறுத்த வேண்டும். ஒரு நல்ல மைக், அவருக்கு ஒரு நாள் பயணப்படி: இந்தச் செலவு பட்ஜெட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.