எம்ஸ்வொர்த் ஸ்டேஷனில் ஒரு பைத்தியம்

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஹேவன்ட் என்ற ஊரில் சிசெஸ்டர் பக்கம் போகிற, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலில் ஏறி உட்காருங்கள். வண்டி கிளம்பியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வரப்போகும் ஊர்களை வாசிக்கும்: வார்ப்ளிங்டன், எம்ஸ்வொர்த், சவுத்போர்ன், நட்போர்ன், பாஸம்... மற்றவர்களுக்கு அது ஊர்ப் பெயர். எனக்கு? லேடி ஆன் வார்ப்ளிங்டன்! லார்ட் எம்ஸ்வொர்த்! அவர் மூத்த பிள்ளை லார்ட் பாஸம்! ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸின் கதைகளில் வரும் பிளாண்டிங்ஸ் மாளிகை ரேஷன் கார்டை யாரோ உரக்கப் படிக்கிற மாதிரி இருந்தது. நான் சீட்டை விட்டு எழுந்தே விட்டேன். எதிரே இருந்த அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

எம்ஸ்வொர்த்தில் இறங்கினால் மூக்கில் முதலில் ஏறுவது சேறு. கடல் உள்வாங்கியிருந்தது, படகுகள் சாய்ந்து கிடந்தன, உப்பும் பாசியும் கலந்த வாடை. எனக்கு அது மல்லிகையாக மணத்தது, சிரிக்காதீர்கள். ரெக்கார்ட் ரோடு என்று ஒரு சாதாரணத் தெரு. அங்கே ஒரு வீட்டின் பெயர் த்ரீப்வுட். ஐயா, த்ரீப்வுட்! லார்ட் எம்ஸ்வொர்த்தின் குடும்பப் பெயரே அதுதானே! இந்த வீட்டில்தான் வுட்ஹவுஸ் இளவயதில் குடியிருந்தார். எதிர் நடைபாதையில் நின்று, எம்ஸ்வொர்த் பிரபுவின் உயிருக்குயிரான பன்றி எம்பிரஸை, கதையில் கூப்பிடுகிற அதே இழுவையில், மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான், கூப்பிட்டுப் பார்த்தேன். நாயோடு வந்த ஒருவர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போது இதைக் கற்பனை பண்ணுங்கள். அந்த பிளாண்டிங்ஸ் மாளிகை முதன்முதலில் முளைத்த 'சம்திங் ஃப்ரெஷ்' நாவல் வெளியானது 1915இல். அதை அவர் எழுதியது அமெரிக்காவில்! இங்கிலாந்தின் புல்வெளி, தேநீர், பட்லர் எல்லாமே அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் ஒரு டைப்ரைட்டரிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தவை! அந்த ஆள் எங்கேதான் ஊன்றி நின்றார் சொல்லுங்கள். அப்பா ஹாங்காங்கில் மாஜிஸ்ட்ரேட், பிள்ளை இங்கிலாந்தில் அத்தை, பெரியம்மா, சித்தி என்று கைமாறி வளர்ந்தது (கதைகளில் அத்தைமார் ஏன் அப்படி மிரட்டுகிறார்கள் என்று இனிமேலும் கேட்பீர்களா?), பிறகு லண்டனில் ஹாங்காங் பேங்க் குமாஸ்தா, அங்கே இரண்டு வருஷம் தாக்குப்பிடித்து ஓட்டம், 1904இல் நியூயார்க், அப்புறம் பிராட்வேயில் ஜெரோம் கெர்ன் மெட்டுக்குப் பாட்டு, தன் நாவல்கள் பாட்டில்லாத மியூசிகல் காமெடிதான் என்று அவரே சொல்கிற அளவுக்கு அந்த மேடை ரத்தத்தில் ஊறி, 1930இல் ஹாலிவுட், எம்.ஜி.எம். கம்பெனி வாரம் 2,000 டாலர் கொடுக்கிறது, வேலையோ பெயருக்குத்தான், மனுஷர் அதைப் பேட்டியில் வெகுளியாகப் போட்டு உடைக்கிறார், ஹாலிவுட்டே அதிர்கிறது, அப்புறம் பிரான்சில் லெ துக்கே கடற்கரையில் வீடு, 1940இல் அங்கே ஜெர்மன் படை வந்து அள்ளிக்கொண்டு போய் டோஸ்ட் என்ற ஊரில் மனநல விடுதியாக இருந்த கட்டடத்தில் அடைக்கிறது, அங்கே உட்கார்ந்தும் என்ன செய்கிறார் தெரியுமா, 'மணி இன் தி பேங்க்' என்று ஒரு சிரிப்பு நாவல் எழுதுகிறார்! அறுபதை நெருங்குகிற கைதி! எனக்கு வீட்டில் கரண்ட் போனாலே இரண்டு வரி ஓடாது!

போரின் நடுவே எதிரியின் பெர்லின் ரேடியோவில் பேசினாரே என்று ஆரம்பிக்காதீர்கள். 1941இல் பேசினார், அசட்டுத்தனம்தான், இங்கிலாந்து கொதித்தது, ஆனால் வழக்கு எதுவும் வரவில்லை. விடுங்கள்.

அதற்கப்புறம் அவர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 1947இல் மறுபடி அமெரிக்கா, 1955இல் குடியுரிமை, லாங் ஐலண்டில் வீடு; ஆனால் பேனாவோ தினம் பிளாண்டிங்ஸ் புல்வெளியில்தான் மேய்ந்தது. 1975 புத்தாண்டுக்கு சர் பட்டம். அடுத்த மாதம், 93 வயதில், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே எடுத்துப்போனது எதை? பாதியில் நின்ற பிளாண்டிங்ஸ் நாவலை! திட்டமிட்ட 22 அத்தியாயத்தில் 16தான் தேறியது, 1977இல் 'சன்செட் அட் பிளாண்டிங்ஸ்' என்று அச்சாயிற்று. முடியாத கதையை எவனாவது படிப்பானா என்கிறாள் என் மனைவி. படித்தேன், உடனே மறுபடி முதலிலிருந்து படித்தேன், இந்த ஐப்பசி மழைக்கும் அதையேதான் எடுத்து வைத்திருக்கிறேன்.