செத்த காலேஜும் எங்கள் வீட்டுப் பறையும்

அக்கா மகள் கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று பிடிபடவில்லை. 'டீச்சர் வேலைக்கா?' என்றாள் அக்கா. 'இல்லம்மா, மியூசியத்துல வேல. காப்பாட்சியர்னு பேரு' என்றாள் இவள். திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த எங்க நைனா நிமிர்ந்து பார்த்தார். 'செத்த காலேஜுக்கா? செத்ததுக்கெல்லாம் நாம அடிச்சது போதாதா?' என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

நைனா சொன்னதை வெறும் நக்கல் என்று தள்ளிவிட முடியவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய ஜனங்கள் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள். உயிரோடு மிருகங்கள் இருந்த காட்சிசாலை உயிர் காலேஜ். செத்த மாட்டைத் தூக்குவதும் செத்த வீட்டில் பறையடிப்பதும் எங்கள் தலையில் கட்டப்பட்ட வேலைகள். அதிலிருந்து வெளியே வந்த குடும்பத்தில் ஒருத்தி, சம்பளத்துக்குச் செத்த பொருள்களைக் காக்கப் போகிறேன் என்றால் அந்தக் கிழவருக்கு அப்படித்தான் கேட்கும். ஆனாலும் நான் அவளைப் போகச் சொன்னேன். ஏன் சொன்னேன், என்ன எச்சரிக்கையோடு சொன்னேன் என்பதை மாணவத் தோழர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

*

நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்த புத்தகங்களை நானும் கூட உட்கார்ந்து படித்தேன். தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் இலக்கிய வரலாற்றில் நான் பார்த்த அதே வேலைதான் இங்கேயும் நடந்திருக்கிறது. பல்லவர், சோழர், விஜயநகரம், நாயக்கர் என்று அரச வம்சங்களை வரிசையாக அடுக்கி, கல்லையும் செம்பையும் அவர்கள் பேரில் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற ஜனங்கள் செய்ததெல்லாம் 'நாட்டுப்புறக் கலை', 'கைவினை' என்ற பின்கட்டுக்குப் போய்விடுகின்றன. முன்வாசல், பின்வாசல் என்ற ஊர்ப் புத்தி பாடத்திட்டத்துக்குள்ளும் இருக்கிறது.

ஆனந்த குமாரசாமி 1917இல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றார். 1918இல் சிவ நடனம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுப்பு வந்தது. நடராசரை உலகக் கலைப்பொருளாக நிறுத்தியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. படைத்தல், காத்தல், அழித்தல் என்று எத்தனையோ தத்துவம். எங்க பிள்ளை அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்டாள்: 'மாமா, காலுக்குக் கீழ கெடக்கறவனப் பத்தி ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்களே?' முயலகன் என்றால் அறியாமை. அதோடு சரி. மிதிக்கிற கால் எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது என்று எழுதப் பல பக்கம் கிடைக்கிறது, மிதிபடுகிற முதுகுக்கு ஒரு சொல்தான். கீழே கிடப்பவனை முதலில் பார்க்கிற கண் எங்களுக்கு இருக்கிறது. அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஊர் கொடுத்தது.

சிற்ப நூல்கள் தாலம் என்று ஓர் அளவு வைத்திருக்கின்றன. முகத்தின் நீளம் ஒரு தாலம். உயர்ந்த தெய்வத்துக்குப் பத்துத் தாலம், குள்ள பூதங்களுக்கு ஐந்தும் நான்கும். யார் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதற்கும் ஒரு சாத்திரம். இதைப் படித்த கையோடு எட்கர் தர்ஸ்டனைப் படிக்க வேண்டும். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மண்டையை அளக்கும் கருவிகளை வைத்துக்கொண்டு ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். சாமிக்குத் தாலக் கணக்கு, எங்களுக்கு மூக்குக் கணக்கு. 1851இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குள் எங்கள் ஆட்கள் முதலில் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. பார்க்கப் போனவன் அளக்கப்பட்ட பொருளாகித் திரும்பினான்.

*

அருங்காட்சியகத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டியில் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கிற மூன்று வரி அட்டையில் இருக்கிறது என்பேன். பொருள் பேசாது, அட்டைதான் பேசும். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிற்கிறவருக்குச் சோழர் காலம் என்று தெரிந்துவிடுகிறது. மெழுகைப் பிடித்தவர் யார், மண் குழைத்தவர் யார், உலையை ஊதியவர் யார் என்று கேட்கவே தோன்றாமல் போகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழும்பூரில் இருக்கிற செப்புத் திருமேனிகளில் நிறைய, மண்ணுக்குள் புதைந்திருந்து புதையல் சட்டத்தின் வழியாக வந்தவை. அந்தச் சட்டம் 1878இல் வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று சொல்கிறது. மண் வெட்டுகிறவர் யார்? நிலம் இல்லாதவர். பத்தூர் நடராசரை 1976இல் வெளியே எடுத்தவர் தன் குடிசைக்குப் பக்கத்தில் மண் வெட்டிய ஒரு கூலித் தொழிலாளி. கை மாறிக் கை மாறி அது லண்டனுக்குப் போய், வழக்கு நடந்து, இடிந்த கோயிலின் சிவலிங்கமே வழக்காடலாம் என்று 1988இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் சிலை திரும்பி வந்தது. கல்லுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். கடப்பாரை பிடித்த கை பெரும்பாலும் 'தற்செயலாகக் கிடைத்தது' என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

அந்த எழும்பூர்க் கட்டடத்தில்தான் அமராவதிச் சிற்பங்களும் நாகப்பட்டினத்துப் புத்தர்களும் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்தன. அங்கே நின்ற பௌத்தக் கோபுரத்தை 1867இல் அரசு அனுமதியோடு இடித்தார்கள். இந்தப் புத்தர்களுக்கும் சேரிக்கும் உறவு உண்டா என்ற கேள்வியை அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தன் பத்திரிகையில் விடாமல் எழுப்பினார். 1948இல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தைப் பௌத்தத்தோடு இணைத்து ஒரு நூலே எழுதினார். அவர்கள் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் தமிழகத்துப் பௌத்தக் கலையைப் படிக்கிற மாணவிக்கு அயோத்திதாசர் பாடத்தில் வராமல், வெள்ளைக்கார அதிகாரிகள் பெயர் மட்டும் வருகிறது என்றால் அது மறதி அல்ல.

*

எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். கலை வரலாறு என்றால் அண்ணாமலையார் கோயில் கோபுரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்த மண்ணின் பழைய கலை நடுகல்லில் இருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களைத் தொகுத்து 1972இல் அரசுத் தொல்லியல் துறை நூலாக்கியது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. மாடு காக்கும் சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அந்த நாயின் பெயரும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதும் கல்லில் இருக்கின்றன. நாய்க்குக் கிடைத்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. காவல் காத்த நாயின் பெயரை எழுத வேண்டும் என்று தோன்றிய மண்ணில், 1,400 வருஷம் கழித்து ஒரு காட்சிக்கூடத்தில் நான் பார்த்த பறைக்குப் பக்கத்தில் 'தோற்கருவி' என்று மட்டும் இருந்தது. அடித்தவன் பெயர் இல்லை. எந்த ஊர் என்றுகூட இல்லை.

எடுத்தனூர் இருக்கிற அதே தண்டராம்பட்டுப் பக்கத்தில்தான் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே அரசு அறநிலையத்துறையின் கீழ் இருக்கிற முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30ஆம் தேதிதான் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1939இல். இதை ஏன் கலை வரலாற்றுக் கட்டுரையில் சொல்கிறேன்? அக்கா மகளை ஒரு நேர்காணலில், 'உங்க ஊர்க் கோயிலோட தள அமைப்ப வரைஞ்சு காட்டும்மா' என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்க் கோயிலின் மதில் சுவரை மட்டும் வரைந்துவிட்டு, 'உள்ள போனதில்ல சார்' என்றிருக்கிறாள். கேட்டவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படி ஒரு நிலைமை இருக்கும் என்றே தோன்றவில்லை. அதுதான் விஷயம். கருவறை, அர்த்தமண்டபம், மகாமண்டபம் என்று இந்தப் படிப்பு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. நாங்கள் வெளியேயிருந்து உள்ளே படிக்க வேண்டியிருக்கிறது.

*

இதற்கு நம் பக்கம் இரண்டு பதில் இருக்கிறது. இரண்டும் போதாது.

ஒன்று, 'அது பார்ப்பனியப் படிப்பு, நமக்கு வேண்டாம்' என்பது. வேண்டாம் என்று நாம் விலகினால் அட்டையை அவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, நம் பொருள்களையும் கொண்டுபோய் 'மண்ணின் கலை' என்று கண்ணாடிக்குள் வைத்துப் பூரித்துப்போவது. இதில் எனக்குப் பயம் அதிகம். பறை விடுதலையின் இசை என்று மேடையில் சொல்கிறோம், சரி. ஆனால் கட்டாயத்துக்கு அடித்தவனின் வலியைக் கழுவிவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்து வைத்தால், அதுவும் இன்னொரு திருட்டுதான்.

1992இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கில் இருந்த பொருள்களை எடுத்தே ஒரு காட்சி வைத்தார். பளபளக்கும் வெள்ளிக் குடங்கள், கோப்பைகள். அவற்றின் நடுவில் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. மொத்தத்துக்கும் ஒரே அட்டை: உலோக வேலை, 1793-1880. அவ்வளவுதான். புதிதாக ஒன்றையும் அவர் செய்யவில்லை. கிடங்கில் தனித்தனியாக வைத்திருந்ததை ஒன்றாக வைத்தார். அதைச் செய்ய அவருக்குக் கிடங்குக்குள் போகிற அனுமதி தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதான், கிடங்குச் சாவி. நடராசர் கூடத்தில் மண்வெட்டியை வைக்க ஒரு நாள் ஒருத்திக்கு முடிய வேண்டும்.

அதனால் அவளிடம் சொன்னேன்: முழுசாப் படி. அரைகுறையாகப் படித்துவிட்டுக் கோபத்தை மட்டும் கொண்டுபோனால் 'கோட்டாவில் வந்தது' என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுவார்கள். தாலக் கணக்கைத் தப்பில்லாமல் சொல். வட்டெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள், நடுகல்லுக்கு அது வேண்டும். குளோரைடு உப்பு ஏறிய வெண்கலத்தில் பச்சைப் பொடி எப்படிப் பூக்கிறது, ஈரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது, தோல் பொருளைப் பூச்சியிடமிருந்து எப்படிக் காப்பது என்று தெரிந்துகொள். வரவுப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து, யார் கையிலிருந்து, எந்த வருஷம், எப்படி வந்தது என்று பார். விலைக்கா, தானமா, மிரட்டியா? அந்தப் பத்தி காலியாக இருந்தால் அங்கேதான் உன் வேலை ஆரம்பிக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சிற்பத்துறை, பரோடாவில் 1952இல் தொடங்கிய அருங்காட்சியகவியல் துறை, தில்லியில் 1989இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்று இதற்கென உருவான இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்? டாக்டர், என்ஜினியர், வாத்தியார், போலீஸ் என்று நாம் வழி சொல்கிற பட்டியலில் இது இல்லவே இல்லை. அமைப்புத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

*

அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றுக்கு அட்டை எழுதி வா. அவள் பறையை எடுத்துக்கொண்டாள்.

எங்க நைனா 1992இல் சாவுக்கு அடிப்பதை விட்டார். அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த சூடு அப்போது. சேரியில் சிலர் பறையை நெருப்பில் போட்டார்கள். இவர் போடவில்லை, பரணில் ஏற்றி வைத்தார். எதற்கு வைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. இவள் லீவில் வந்து கேட்டாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினாள். சட்டம் எந்த மரம், தோல் எது, அடிக்குச்சி எது, சிம்புக்குச்சி எது, எந்தச் சாவுக்கு எத்தனை மரக்கால் நெல், எந்தச் சாவுக்கு ஒன்றுமே இல்லை என்று எல்லாம். அட்டையின் முதல் வரியில் பொருளின் பெயர் இல்லை, தாத்தாவின் பெயர் இருந்தது, அவர் தகப்பன் பெயரோடு. அதை நான் இங்கே அச்சிடவில்லை. அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. சம்மதம் கேட்காமல் எடுத்துப் போடுகிற வேலையைத்தான் இவ்வளவு நேரம் குறை சொன்னேன்.

எழுதியதை அவள் படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். '1992இல் பறையடிப்பதை நிறுத்தினார்' என்ற இடத்தில் கையைக் காட்டினார்.

'நிறுத்தினாருன்னு எழுதாதம்மா. கை வலிச்சா கூட நிறுத்துவாங்க. மாட்டேன்னு சொன்னேன். ஊர் கூடி நின்னப்ப சொன்னேன். அத எழுது.'

அவள் அடித்துவிட்டுத் திருத்தினாள்.