சுஹராவின் கணக்கு

மடத்துவெளியில் எங்கட வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன தவணை லீவுக்கு வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’யை, தமிழில் வந்ததை, வாசிக்கக் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் தாய் படலையடியிலேயே மறித்தார். “ரீச்சர், காதல் கதையாமே? சோதினை வருகுதெல்லோ!” “நீங்களும் ஒருக்கா வாசியுங்கோவன்” என்றேன்.

1944இல் மலையாளத்தில் வெளிவந்த சின்ன நாவல். மஜீதும் சுஹராவும் அயல் வீட்டுப் பிள்ளைகள். மாங்காய்க்காகவும் நகக்கீறலுக்காகவும் தொடங்குகிற சண்டை நேசமாகி, பிரிவில் முடிகிறது. முதற் பாதியில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மஜீதின் சுன்னத்து வைபவத்தை வாசிக்கிற எந்த ஆணும் தன் பழைய பயத்தை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்ற கேள்விக்கு அவன் சொல்லும் விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதைக் காதல் தோல்விக் கதை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது சரியல்ல என்பது என் எண்ணம். வகுப்பில் நடக்கும் பகிடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிரிப்பு முழுக்க மஜீதின் மேல்தான். கணக்கில் கெட்டிக்காரி சுஹரா. அவளுடைய சிலேற்றைப் பார்த்துத்தான் அவனுடைய கணக்குச் சரிவருகிறது. ஆனால் அவளுடைய வாப்பா மௌத்தானதும் படிப்பு நின்றுபோகிறது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் மஜீத். சுஹராவையும் படிக்க வைக்கச் சொல்லி அவன் தன் வாப்பாவிடம் கெஞ்சுகிறான். வசதியுள்ள மனிதர்; மறுத்துவிடுகிறார். கதை உடைகிற இடம் அதுதான். பிறகு அவளுக்கு வாய்க்கிற கொடுமைக்காரப் புருஷன், மஜீத் ஊர் ஊராய் அலைந்து ஒரு காலையும் இழப்பது, தூர தேசத்தில் இருக்கிறவனுக்கு உம்மாவின் கடிதத்தில் வருகிற மௌத்துச் செய்தி எல்லாம் அந்த மறுப்பிலிருந்து இறங்கி வருகிறவை. முன்பு அவ்வளவு சிரித்திருக்காவிட்டால் அந்த வாப்பாவின் சொல் இப்படிச் சுட்டிருக்காது.

ஒரு குறையும் உண்டு. சுஹராவின் கலியாண வாழ்க்கையைப் பஷீர் அவசரமாகக் கடந்துவிடுகிறார். மஜீதின் ஊர் சுற்றலுக்குக் கொடுத்த பக்கங்களில் இரண்டையாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவள் அந்த வீட்டில் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக மஜீத் புறப்படும்போது சுஹரா ஏதோ சொல்ல வருகிறாள். பஸ் ஹோர்ன் அடித்துவிடுகிறது. குறிகட்டுவான் பஸ் போகிற றோட்டோரம் இருந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராய் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்த ஹோர்னை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பெடியள் இரண்டு நாள் வாதாடினார்கள். காதலைத்தான் என்றார்கள் பெடியள் எல்லாரும்.

அந்தத் தாய் ஒரு கிழமை கழித்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். காதலைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. “அவ்வளவு காசு வைச்சிருந்த மனுசன், அந்தப் பிள்ளையையும் படிப்பிச்சிருக்கலாம்தானே ரீச்சர்” என்றார்.