மருந்து வேளை

சாங் யீமோ இயக்கிய 'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃப்ளவர்' (2006) படத்தில் பெரும்படைகள் மோதுகின்றன. அரண்மனை முற்றம் முழுக்க மஞ்சள் செவ்வந்தி. எங்கு திரும்பினாலும் கண் கூசும் தங்கம். ஆனால் படத்தின் உயிர் இருப்பது ஒரு சின்னக் கிண்ணத்தில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பணிப்பெண்கள் வந்து பேரரசியின் முன்னால் மருந்துத் தட்டை நீட்டுகிறார்கள். ரத்தசோகைக்கு என்று பெயர். பேரரசனே பார்த்துச் சொன்ன மருந்து. அதில் சில நாட்களாகப் புதிதாக ஏதோ கலக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பாரசீகத்துக் கருங்காளான். தொடர்ந்து குடித்தால் சில மாதங்களில் புத்தி பேதலித்துவிடும். தெரிந்துகொண்டே குடிக்கிறாள்.

ஏன் குடிக்க வேண்டும் என்பதற்கு மாடத்துக் காட்சிதான் பதில். குடும்பமே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. மாடம் ஏன் வட்டம், மேசை ஏன் சதுரம் என்று பேரரசன் பிள்ளைகளுக்கு ஒழுங்குமுறை பற்றி நிதானமாகப் பாடம் எடுக்கிறான். நடுவே மருந்து வருகிறது. அவள் கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை வைக்கிறாள். அவன் விடவில்லை. அதட்டலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பிள்ளைகளை ஏவி அம்மாவைக் கெஞ்ச வைக்கிறான். மகன் மண்டியிட்டுக் கிடக்கும்போது எந்தத் தாய் கிண்ணத்தைத் தள்ளுவாள்? பேரரசனாக வரும் சோ யுன் ஃபாட் இந்த இடத்தில் முகத்தில் ஒரு தசையைக்கூட அசைப்பதில்லை. இவ்வளவு அடக்கி வைத்ததால்தான், கடைசியில் இளைய மகனை இடுப்புவாரால் அடித்தே கொல்லும்போது நமக்கு வயிறு கலங்குகிறது.

பேரரசியாக வரும் காங் லீயின் நடிப்பை முகத்தில் தேடாமல் விரல்களில் பாருங்கள். செவ்வந்தியைத் துணியில் தைத்துக்கொண்டே இருக்கிறாள். விஷம் ஏற ஏற ஊசி பிடித்த கை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நிற்கிறது. ஆனாலும் தையல் நிற்பதில்லை. அந்தப் பூ, பேரரசனுக்கு எதிராக அவள் திரட்டும் கலகப் படையின் அடையாளம் என்பது பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. 'ரெட் சோர்கம்' காலத்திலிருந்து சாங் யீமோவின் கதாநாயகியாக இருந்தவர் இவர். 1995-க்குப் பிறகு இருவரும் மீண்டும் சேர்ந்த படம் இது. 'ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்' படத்தில் ஒரு பணக்கார வீட்டின் நான்காம் மனைவியாக அடைபட்டுக் கிடந்தவர், இங்கே நாட்டின் முதல் மனைவியாக அடைபட்டுக் கிடக்கிறார்.

இந்தத் திருமணத்தில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் இருவர் கையும் சுத்தமில்லை. அவள் லியாங் நாட்டு இளவரசி. அவன் வெறும் படைத்தலைவனாக இருந்து, முதல் மனைவியின் குடும்பத்தையே ஒழித்துவிட்டு, அரியணைக்காக இவளைக் கட்டியவன். இவளோ மூத்தாள் மகனான பட்டத்து இளவரசனோடு உறவு வைத்திருக்கிறாள். படம் இவளைத் தியாகியாக்க முயலவில்லை. அதற்காகவே இயக்குநருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இவ்வளவு பளபளப்பு தேவையா என்று பலரும் குறை சொன்னார்கள். யீ சுங் மான் வடிவமைத்த உடைகள் ஆஸ்கர் பரிந்துரை வரை போயின. வண்ணக் கண்ணாடித் தூண்கள் வரிசைகட்டிய தாழ்வாரங்களில் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலைகூடக் கிடையாது. இந்த அரண்மனையில் அழுவதற்குக்கூட வெளிச்சத்தில்தான் நிற்க வேண்டும். பளபளப்பின் வேலை அதுதான். செவ்வந்தித் திருவிழா இரவில் கலகம் அடங்கியதும் வரும் காட்சியைப் பாருங்கள். பணியாட்கள் படையாகத் திரண்டு வந்து பிணங்களை அகற்றுகிறார்கள், ரத்தத்தைக் கழுவுகிறார்கள், கம்பளம் விரிக்கிறார்கள், புதுப் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்குகிறார்கள். எதுவுமே நடக்காததுபோல விழா தொடர்கிறது. அதிகாரத்தைப் பற்றி இதைவிடக் குளிர்ச்சியாக எடுத்த காட்சியை நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தைய சண்டை, சொல்லப்போனால், அலுப்பு. கணினியில் பெருக்கிய வீரர்கள் எத்தனை பேர் செத்தாலும் நமக்கு வலிப்பதில்லை.

கதையின் வேர் அரண்மனையில் இல்லை. சாவ் யூ 1934-இல் வெளியிட்ட 'இடியும் மழையும்' நாடகத்திலிருந்து வந்தது இது. அங்கே அரசன் கிடையாது, சுரங்க முதலாளி ஒருவர்தான். மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று முடிவுகட்டி, பிள்ளைகள் எதிரில் மருந்தைக் குடிக்க வைக்கிறார். அந்த மருந்தில் விஷம் இல்லை. சாங் யீமோ விஷத்தைக் கலந்ததால் கதைக்கு வேகம் வந்தது, பழிவாங்கக் காரணம் கிடைத்தது. மாடத்துக் காட்சிக்கு மட்டும் அது தேவைப்படவே இல்லை. அந்தக் கிண்ணத்தில் வெறும் வெந்நீர் இருந்திருந்தாலும் நமக்குத் தொண்டை அடைத்திருக்கும்.