ஆக்கிய இரவும் ஆவண உண்மையும்: ஓ. வின்ஸ்டன் லிங்கின் நீராவி இரயில் ஒளிப்படங்கள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் இருப்புப்பாதையில் நீராவி இன்ஜின்கள் ஓடிய இறுதி ஆண்டுகளை ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார். ஒளியும் மாந்தரும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட இப்படங்களை எப்பொருளில் ஆவணமாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓ. வின்ஸ்டன் லிங்க், நீராவி இரயில், ஒளிப்படத் திறனாய்வு, முதற்பொருள், இரங்கல்

முன்னுரை

மறையும் ஒன்றைப் பதிவு செய்யும் கலைஞர் அதனை உள்ளவாறே காட்டுவார் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. லிங்கின் படங்கள் இவ்வெதிர்பார்ப்போடு முரண்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்ற பலவும் இரவுப் படங்கள். அவ்விரவின் ஒளியோ அவரே ஆக்கியது. அவரைப் போற்றுவோர் இதனைத் தொழில்நுட்பத் திறனாக மட்டும் கண்டு அமைகின்றனர். ஐயுறுவோர் புனைவு எனத் தள்ளுகின்றனர். இவ்விரு நிலைகளும் படங்கள் சான்று கூறும் பொருளைத் தவறவிடுகின்றன.

பாதையும் கலைஞரும்

நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் நிறுவனம் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மலைப்பகுதிகளின் நிலக்கரியை ஏற்றிச் சென்று பொருளீட்டியது. நிலக்கரியே அதன் சரக்கு. நிலக்கரியே அதன் எரிபொருள். தனக்குரிய இன்ஜின்களை ரோனோக் நகரப் பட்டறையிலேயே கட்டிக்கொண்டது. ஏனைய பெருநிறுவனங்கள் டீசலுக்கு மாறிய பின்னரும் 1953 வரை அங்கே நீராவி இன்ஜின்கள் கட்டப்பட்டன. 1955இல் டீசல் இன்ஜின்கள் வாங்கும் முடிவு வெளியாயிற்று. 1958இல் தலைமையேற்ற ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் மாற்றத்தை விரைவுபடுத்தினார். 1960 மே மாதத்தோடு நீராவிச் சேவை முடிவுற்றது.

லிங்க் புரூக்ளினில் பிறந்தவர். கட்டடப் பொறியியல் பயின்றவர். மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றிலும் பின்னர்த் தனித்தும் விளம்பரப் படங்கள் எடுத்தவர். தொழில்முறைப் பணிக்காக 1955 ஜனவரியில் வர்ஜீனியா வந்தபோது வேன்ஸ்பரோ நிலையத்தில் முதல் இரவுப் படத்தை எடுத்தார். அன்றைய தலைவர் ராபர்ட் எச். ஸ்மித்தின் இசைவு அவருக்குப் பாதையைத் திறந்துவிட்டது. பின்னர்ப் பலமுறை தம் செலவிலேயே வந்து ஏறத்தாழ 2,400 நெகட்டிவ்களை உருவாக்கினார்.

பொழுதை ஆக்குதல்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியக் கொள்கை. கவிஞர் பொழுதைத் தெரிவு செய்யலாம். வெளியிடத்தில் பணிபுரியும் ஒளிப்படக் கலைஞருக்கு அவ்வுரிமை குறைவு. கதிரவனையோ தண்டவாளத்தையோ அவர் இடம்பெயர்க்க இயலாது. லிங்க் இரவைத் தேர்ந்ததன் காரணம் இங்கே விளங்கும். இருளில் எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பது முழுவதும் அவர் கைக்கு வந்தது. ஓடும் இன்ஜினின் நீராவி, பிளாஷ் ஒளி பட்டதும் கரிய வானத்தில் வெண்மையாக எழுந்து நின்றது.

இதற்குப் பல பிளாஷ் குமிழ்களைக் கம்பிகளால் இணைத்து ஒரே நொடியில் எரியச் செய்தார். ஒரு குமிழ் ஒருமுறையே எரியும். தவறினால் அனைத்தையும் மாற்றிய பின்னரே அடுத்த முயற்சி. எனவே இப்படங்கள் தற்செயலாகக் கண்ட கணங்கள் ஆகா. கால அட்டவணை, இரயில் பணியாளர், உதவியாளர், ஊர்மக்கள் ஆகியோரின் ஒத்துழைப்பில் விளைந்தவை.

1956இல் மேற்கு வர்ஜீனியாவின் ஐகர் என்னும் ஊரில் எடுத்த படம் இதற்குத் தக்க சான்று. காரில் அமர்ந்து காணும் திறந்தவெளித் திரையரங்கு. முன்னே லிங்கின் சொந்தக் காரில் ஓர் இளம் இணை. திரையில் போர் விமானம். பின்னே விரையும் சரக்கு இரயில். பிளாஷ் ஒளியில் திரை வெளிறிப் போனதால் விமானக் காட்சி இருட்டறையில் பின்னர் இணைக்கப்பட்டது. இணைத்தது அதுவாகவே இருப்பது படத்தின் பொருளை முடிவு செய்கிறது: காரும் விமானமும் முன்னிற்க, நீராவி பின்புலமாகிறது. இணையின் பார்வை திரைமேல் உள்ளது. இரயிலைக் காண்பவர் நாமே.

கருப்பொருளும் உரிப்பொருளும்

லித்தியாவில் 1955இல் எடுத்த படத்தில் வீட்டுக்கூடத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். சன்னலருகே நிற்கும் சிறுவன் வெளியே செல்லும் இரயிலுக்குக் கையசைக்கிறான். இங்கு இரயில் ஊரின் மரம், விலங்கு, தொழில் போன்று அந்நிலத்தின் கருப்பொருளாக அமைகிறது. படத்தினுள் எவரும் இரங்கவில்லை. சிறுவனின் கையசைப்பு அன்றாட வரவேற்பாகவும் இருக்கலாம். அதனை விடைபெறுதலாக மாற்றுவது முடிவை அறிந்த பார்வையாளரின் அறிவு. நெய்தலுக்குரிய இரங்கல் இங்கே பாத்திரங்களிடம் இல்லை, காண்போரிடம் பிறக்கிறது. நீராவி மறைந்து கால் நூற்றாண்டு கழிந்து, 1980களில் இப்படங்கள் பரவலான கலைக்கவனம் பெற்றமை இதனோடு இயைத்து நோக்கத்தக்கது.

லிங்க் இன்ஜின் ஒலிகளையும் பதிந்து 1957 முதல் இசைத்தட்டுகளாக வெளியிட்டார். படத்தில் இரயில் நின்றுவிடுகிறது. ஒலியிலோ அது நெருங்கி, கடந்து, தேய்ந்து மறைகிறது. பிரிவை உள்ளபடி உணர்த்துவது ஒலிப்பதிவே.

சட்டகத்தின் எல்லை

இன்ஜினைக் கழுவுவோரையும் மசகிடுவோரையும் லிங்க் மதிப்புடன் படமாக்கினார். எனினும் அவர்கள் பணிபுரியும் நிலையிலேயே தோன்றுகின்றனர். டீசலுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டா, கரித்தளம் வேண்டா. கொதிகலன் தொழிலாளியும் வேண்டா. இன்ஜினின் முடிவு ஒரு கைத்தொழில் அறிவின் முடிவுமாகும். அவ்விழப்பும், அதற்குக் காரணமான நிர்வாக முடிவும் இவ்வொளிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இரயிலும் ஊரும் இணங்கி வாழ்ந்த இரவாகவே அவ்வாண்டுகள் நினைவில் தங்குகின்றன. விளம்பரத் துறையில் பயின்ற கண் தன் பொருளை நேசித்தபோது விளைந்த அழகும் குறையும் இதுவே.

முடிவுரை

லிங்கின் படங்கள் 1950களின் மலையூர் இரவு இவ்வாறு தோன்றியது என்பதற்குச் சான்றாகா; அத்தனை ஒளி அங்கே எந்நாளும் இருந்ததில்லை. அவ்விரவு எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என ஒருவர் விரும்பினார், அதற்கு ஒரு நிறுவனமும் பல ஊர்களும் துணைநின்றன என்பதற்கு அவை உறுதியான சான்றுகள். ஆகவே வரலாற்று மூலமாக இவற்றைக் கையாளும் ஆய்வாளர், படத்தில் உள்ளவற்றோடு விளக்குகள் நின்ற இடம், வழங்கப்பட்ட இசைவு, இருட்டறை இணைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.